ஓர் எழுத்து மாறிய மரியோ: ஃபேமிகாம் பழுதுபார்த்த பதிவு

தங்கை மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். "மாமா, மேலே பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்" என்றான். திரையின் இடது மூலையில் மரியோவின் பெயர் ஐந்து ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். நடுவில் 'ஆர்' நிற்க வேண்டிய இடத்தில் 'கியூ' நின்றது. மற்ற நான்கும் சரி. நாற்பது வயதான வீடியோ கேம் பெட்டியில் படம் வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் நான் எழுத்துப் பக்கமே போகவில்லை. எட்டு வயதுப் பையன் இருப்பதை அப்படியே வாசித்தான்.

அந்த ஓர் எழுத்தைத் துரத்திக்கொண்டு போனதில் மூன்று சனிக்கிழமைகள் கழிந்தன. விளையாட்டுப் பெட்டிகளின் சில்லுகளில் (சிப்) எது யாரும் வாங்கக்கூடிய கடைச் சரக்கு, எது அந்தப் பெட்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது என்று பல வருடங்களாகப் படித்திருக்கிறேன். அந்த வேறுபாட்டைச் சால்டரிங் அயர்னின் நுனியில் உணர்ந்தது இந்த முறைதான்.

பெட்டி நின்டெண்டோவின் ஃபேமிகாம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. மாப்பிள்ளை டோக்கியோவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது, அங்கே ஒரு பழைய பொருள் கடையில் 'ஜங்க்' என்று எழுதி வைத்த கூடையிலிருந்து எடுத்து வந்தார். அந்தக் கூடையில் இருப்பது ஓடலாம், ஓடாமலும் போகலாம். கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். கூடவே ஒரு சூப்பர் மரியோ கேசட். அடாப்டர் இல்லை.

முதல் சனிக்கிழமை: மின்சாரமும் படமும்

ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டி.சி., 850 மில்லியாம்பியர் வேண்டும். பிளக்கின் நடுமுனை மைனஸ். சென்னை ரிச்சி தெருவில் கைக்குக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை பிளஸ். ஒரு 9 வோல்ட் அடாப்டரை வாங்கி, கம்பியை வெட்டி, முனைகளை மாற்றி இணைத்து, மல்டிமீட்டரில் இரண்டு முறை பார்த்த பிறகே செருகினேன்.

அதற்கும் முன்பாகச் செய்த வேலை ஒன்று உண்டு. உள்ளே வரும் வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். பழையது நன்றாகத்தான் இருந்தது, 4.97 வோல்ட் கொடுத்தது. ஆனால் 7805 சாகும்போது சில நேரம் உள்ளே வரும் வோல்ட்டை அப்படியே வெளியே விட்டுவிடும். 5 வோல்ட் குடிக்க வேண்டிய சில்லுகளுக்கு 9 வோல்ட் போய்ச் சேர்ந்தால், இந்தப் பலகையில் இரண்டு சில்லுகளுக்கு மாற்றே கிடையாது. பதினைந்து ரூபாய்ச் சாமானை மாற்றியது அந்த இரண்டுக்கும் காவலாகத்தான். பக்கத்திலிருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் அப்போதே மாற்றிவிட்டேன்.

அடுத்தது படம். ஃபேமிகாமில் ஏ.வி. வெளியீடு கிடையாது, ஆன்டெனா வழியாக டி.வி.க்கு அனுப்பும். அது அனுப்புவது ஜப்பானின் முதல், இரண்டாம் சேனல்களில், அதாவது 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் அது எஃப்.எம். வானொலியின் இடம். நம் டி.வி. அங்கே தேடவே தேடாது. ஆகவே படத்தை உருவாக்கும் சில்லின் 21ஆம் காலில் வரும் வீடியோவை நேரடியாக எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து மஞ்சள் ஆர்.சி.ஏ. சாக்கெட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த மாற்றத்தை உலகம் முழுவதும் ஆயிரம் பேர் செய்திருக்கிறார்கள். நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. படம் வந்தது. வண்ணமும் வந்தது. அப்போதுதான் பையன் வாய் திறந்தான்.

இரண்டாம் சனிக்கிழமை: பென்சிலும் காகிதமும்

உடனே பெட்டியைத் திறக்கத்தான் கை துடித்தது. அடக்கிக்கொண்டு, திரையில் இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். 'வேர்ல்ட்' என்று வர வேண்டிய இடத்தில் டபிள்யூ, ஓ, கியூ, கே, சி. 'டைம்' என்ற சொல்லில் முதலெழுத்து 'டி' போய் 'எஸ்' வந்திருந்தது. 1-1 என்ற கட்ட எண் 0-0 ஆகியிருந்தது. மரியோ நன்றாக ஓடினார், குதித்தார். எதிரிகள் சரி. ஒலி சரி. ஆட்டத்தில் எந்தத் தடங்கலும் இல்லை.

இந்தக் கேசட்டில் திரையின் எழுத்துகளுக்கு வரிசை எண் உண்டு. 0 முதல் 9 வரை இலக்கங்கள். அதற்கடுத்து 'ஏ' 10, 'பி' 11 என்று போய் 'இசட்' 35இல் முடியும். என் நோட்டில் இருந்ததை எண்ணாக மாற்றி எழுதினேன். 'ஆர்' 27, அது 26 ஆகிவிட்டது. 'எல்' 21, அது 20. ஆங்கிலத்தில் 'டி' என்று நம் காதில் விழும் எழுத்துகள் இரண்டு: அகரவரிசையில் நாலாவதாக வருவது 13, அது 12; இருபதாவதாக வருவது 29, அது 28. சரியாக வந்த எழுத்துகளைப் பார்த்தால் 'எம்' 22, 'ஏ' 10, 'ஐ' 18, 'ஓ' 24, 'டபிள்யூ' 32. எல்லாம் இரட்டைப்படை.

ஒற்றைப்படை எண் எதுவாக இருந்தாலும் ஒன்று குறைகிறது. இரட்டைப்படை அப்படியே நிற்கிறது. அப்படியானால் அந்த எண்ணைக் குறிக்கும் எட்டு பிட்டுகளில் (பூஜ்யம் அல்லது ஒன்று என்ற இலக்கங்களில்) கடைசி பிட் எப்போதும் பூஜ்யமாகப் படிக்கப்படுகிறது. பையனுக்கு அதை விளக்கினேன். "ஒரு விரல் மட்டும் மடங்கியே இருக்கிற மாதிரியா?" என்று கேட்டான். அதேதான்.

எந்த விரல் என்பது தெரிந்துவிட்டது. எந்தக் கை என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கேதான் இந்தப் பலகையின் அமைப்பைப் பேச வேண்டியிருக்கிறது.

ஃபேமிகாம் பலகையில் நாற்பது கால் கொண்ட இரண்டு பெரிய சில்லுகள் இருக்கின்றன. இரண்டும் ரிக்கோ நிறுவனம் நின்டெண்டோவுக்காகவே செய்தவை. 2ஏ03 என்பது மூளை. 6502 என்ற பழைய பிராசசரின் உள்ளமைப்பை எடுத்து, தசம எண் கணக்கை மட்டும் முடக்கிவிட்டு, ஒலி எழுப்பும் பகுதியையும் அதே சில்லில் சேர்த்துவிட்டார்கள். 2சி02 என்பது படச் சில்லு. முழுக்க முழுக்க இந்தப் பெட்டிக்கென்றே பிறந்தது. இந்த இரண்டைச் சுற்றி நிற்பவை எல்லாம் கடைச் சரக்கு: இரண்டு 2 கிலோபைட் நினைவகச் சில்லுகள், வந்த எண்ணைப் பிடித்து வைக்கும் 74எல்எஸ்373 என்ற தாழ் (லாட்ச்), முகவரியைப் பிரிக்கும் 74எல்எஸ்139, உள்ளீட்டுக்கு ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் திருப்பும் இரண்டு இன்வர்ட்டர் சில்லுகள், ஜாய்ஸ்டிக்குக்குள் ஒரு 4021. இவை அன்றைய எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைத்தவை. இன்றும் கிடைப்பவை.

திரையின் பின்னணி 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களால் ஆனது. குறுக்கே 32, நெடுக்கே 30. எந்தக் கட்டத்தில் எந்தத் துண்டு என்ற எண் மட்டும் இரண்டு நினைவகச் சில்லுகளில் படச் சில்லுக்கு உரியதில் இருக்கும். துண்டின் உருவம் கேசட்டுக்குள் இருக்கும் ரோமில் (படிக்க மட்டுமே முடியும் நினைவகத்தில்) இருக்கும். மரியோவும் எதிரிகளும் வேறு கணக்கு: அவர்கள் நிற்கும் இடம் படச் சில்லுக்குள்ளேயே 256 பைட் நினைவகத்தில் இருக்கிறது.

படச் சில்லில் கால் பற்றாக்குறை. அதனால் முகவரியின் (நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் எண்ணின்) கடைசி எட்டு பிட்டுகளும் தரவின் எட்டு பிட்டுகளும் ஒரே எட்டுக் கம்பிகளில் மாறி மாறிப் போகும். முதலில் முகவரி, அதை 373 பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே கம்பியில் தரவு திரும்பி வரும். இந்தப் பொதுக் கம்பிகளில் ஒன்று கெட்டிருந்தால் ரோமிலிருந்து வரும் உருவங்களும் சிதையும்: ஒவ்வொரு துண்டிலும் வலது ஓரத்துப் புள்ளி வரிசை காணாமல் போகும். 373 கெட்டிருந்தால் முகவரியே தப்பும். திரை முழுக்கக் குப்பையாகும். என் திரையில் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமான உருவத்தோடு வந்தது. எழுத்து மாறியிருந்ததே தவிர, எழுத்து சிதையவில்லை.

ஆக, குற்றவாளி நினைவகச் சில்லு. கடைச் சரக்குகளில் ஒன்று. நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன். படச் சில்லாக இருந்திருந்தால் இன்னொரு ஃபேமிகாமைக் கொன்று இதைப் பிழைக்க வைக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் உறுதி செய்யாமல் 24 கால்களைக் கழற்ற மனம் வரவில்லை. கடைசி பிட்டின் கம்பி எங்கே போகிறது என்று மல்டிமீட்டரில் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். நினைவகச் சில்லின் ஒன்பதாம் காலில் முடிந்தது. அந்த ஒரு காலின் ஈயத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, ஊசியால் மெல்ல நிமிர்த்திப் பலகையிலிருந்து விடுவித்தேன். பெட்டியை ஓட்டினேன்.

தவறு போகவில்லை, உருமாறியது. இப்போது மரியோவின் பெயர் 'என்'இல் தொடங்கி, 'ஓ'வுக்கு அடுத்து வரும் 'பி'இல் முடிந்தது; நடுவில் இருந்த 'ஆர்' திரும்பி வந்துவிட்டது. 'டைம்' என்பதில் 'டி' சரியாகி, 'எம்' போய் 'என்' வந்தது. நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒற்றைப்படைக் கட்டங்களில் கடைசி பிட் 1. இரட்டைப்படைக் கட்டங்களில் 0. கம்பியில் யாரும் தரவு வைக்காததால், சற்று முன் அதே கம்பியில் போன முகவரியின் கடைசி பிட் அப்படியே தங்கி நிற்கிறது. படச் சில்லு தன் குரலின் எதிரொலியைத் தானே பதிலாக எடுத்துக்கொள்கிறது. முகவரியும் தரவும் ஒரே கம்பியில் போகின்றன என்று புத்தகத்தில் படித்ததை அன்று டி.வி. திரையில் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். இரவு பதினொன்றரை மணி. சொல்லிக் காட்ட ஆள் இல்லாமல், தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை: 6116

2 கிலோபைட் நினைவகம் என்றால் 6116. பாலிடெக்னிக்கில் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் இருந்த 8085 பயிற்சிப் பலகையில் இதைப் பார்த்திருக்கிறேன். ரிச்சி தெருவில், பழைய பலகைகளிலிருந்து கழற்றிய சில்லுகளை டப்பாவில் போட்டு விற்கும் கடையில் நான்கு வாங்கினேன். நான்கும் நான்கு நிறுவனங்களின் தயாரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லத்தான் வேண்டும். கால்களின் வரிசை ஒன்றே, வேலை ஒன்றே. ஒரு நிறுவனம் மூடினாலும் மற்றொன்றின் சில்லு அதே துளைகளில் உட்காரும்.

வாங்கியதை அப்படியே பலகையில் வைக்கக் கூடாது. நிரல் எழுதி ஓட்டும் சிறு பலகையான ஓர் ஆர்டுவினோவை இணைத்து, 2,048 இடங்களிலும் ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி எழுதிப் படித்தேன். பிறகு அதைத் திருப்பிப் போட்டு எழுதிப் படித்தேன். நான்கில் ஒன்று செத்தது. மூன்று தேறின.

பழைய சில்லைக் கழற்றும்போது அவசரப்பட்டுவிட்டேன். தரைக் கம்பியோடு சேர்ந்த 12ஆம் காலுக்குச் சூடு அதிகம் வேண்டும். சுற்றியிருக்கும் செப்புப் பரப்பு வெப்பத்தைக் குடித்துவிடும். அதற்காக அயர்னின் சூட்டைக் கூட்டியவன், பக்கத்து 9ஆம் காலுக்கு வரும்போது குறைக்க மறந்தேன். முந்தைய வாரம் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட இடம் அது. செப்பு வளையம் பலகையை விட்டுக் கழன்று ஈயத்தோடு வந்துவிட்டது. கீழே போகும் தடத்தைச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் மெல்லிய ஒற்றை இழைக் கம்பியை அதில் ஒட்டி, புதிய சில்லைச் செருகுவதற்கான சாக்கெட்டின் காலுக்குக் கொண்டுவந்தேன். இதைப் படித்துவிட்டு இதே வேலையில் இறங்குகிறவர்கள், சில்லின் கால்களைக் கட்டரால் ஒவ்வொன்றாக வெட்டி உடலை எடுத்துவிட்டு, பிறகு கால்களைத் தனித்தனியே எடுங்கள். சாகப்போகிற கடைச் சரக்குச் சில்லைக் காப்பாற்றுவதற்காகப் பலகையைப் பலிகொடுக்கத் தேவையே இல்லை.

சாக்கெட்டை ஈயம் வைத்து, புதிய 6116ஐ அழுத்தினேன். ஓட்டினேன். "மாமா, ஆர் வந்துவிட்டது!" என்று அடுத்த அறை வரை கேட்கும்படி கத்தினான்.

ஒரே நாளில் பிறந்த இருவர்

ஃபேமிகாம் கடைக்கு வந்த அதே 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் இன்னொரு பெட்டியும் வந்தது: சேகாவின் எஸ்ஜி-1000, விலை 15,000 யென். அதன் உள்ளே இசட்80 வகைப் பிராசசர், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்9918ஏ படச் சில்லு, அதே நிறுவனத்தின் எஸ்என்76489 ஒலிச் சில்லு. மூன்றும் ரெடிமேட். அந்தப் படச் சில்லு டிஐ-99/4ஏ கணினியிலும் உண்டு, முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ் கணினிகளிலும் உண்டு. அமெரிக்காவின் கலெக்கோவிஷன் விளையாட்டுப் பெட்டியில் அதன் நெருங்கிய உறவு இருக்கிறது. எஸ்ஜி-1000 பழுதானால் அரை டஜன் வெவ்வேறு இயந்திரங்களிலிருந்து உதிரி எடுக்கலாம். பழுதுபார்ப்பவனுக்கு வரம்.

விளையாடுபவனுக்கு அப்படியில்லை. டிஎம்எஸ்9918ஏ திரையை வழுக்கி நகர்த்தத் தெரியாத சில்லு. பின்னணி நகர வேண்டுமானால் எட்டுப் புள்ளிகள் துள்ளித் துள்ளித்தான் நகரும். நகரும் உருவம் ஒன்றுக்கு ஒரே நிறம். ஒரு வரியில் நான்கு உருவங்களுக்கு மேல் வராது. ஃபேமிகாமின் படச் சில்லு புள்ளி புள்ளியாக வழுக்கும். உருவம் ஒன்றுக்கு மூன்று நிறம். ஒரு வரியில் எட்டு. மரியோ ஓட ஓடத் திரை அவரோடு தண்ணீர் போல நகர்கிறதே, அது அளவெடுத்துத் தைத்த சில்லின் வேலை. கடையில் வாங்கிய சில்லில் அந்த விலைக்கு அது நடந்திருக்காது. சேகாவும் அதை உணர்ந்துதான் 1985இல் மார்க் III பெட்டிக்குத் தனக்கென்று படச் சில்லு செய்துகொண்டது.

ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உயெமுராவின் அணி எதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டும், எதையெல்லாம் கடையில் வாங்க வேண்டும் என்று கோடு கிழித்த இடத்தைப் பலகையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது மரியாதை வருகிறது. விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சொந்தச் சில்லு. நினைவகமும் தாழும் பொத்தானைப் படிப்பதும் ஊரார் சரக்கு. அப்படிப் பிரித்திருந்ததால்தான் நாற்பது வருடம் கழித்து நான் சில பத்து ரூபாய்களில் அதைத் திருத்த முடிந்தது.

எல்லாப் பெட்டிகளிலும் அந்தக் கோடு இப்படி நேர்மையாக இருப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ், 2001இல் வந்தது, உள்ளே சாதாரண ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும் சரக்கு. ஆனால் அந்த டிஸ்க்கைப் பூட்டும் சாவி அந்தந்தப் பெட்டியின் பலகையில் இருக்கும் சிறு நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்க் செத்த பிறகு புதிதாக வாங்கி மாட்டினால் பெட்டி ஏற்காது. சாவியை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் ஏ.எம்.டி.யின் ஜாகுவார் உள்ளமைப்பைக் கொண்டவை, கணினிகளில் வருவதன் குடும்பம். ஆனாலும் அந்தச் சில்லைக் கடையில் கேட்டால் கிடைக்காது. வடிவமைத்தவருக்கு ரெடிமேட், பழுதுபார்ப்பவனுக்கு இல்லை. சில்லின் பிறப்பு எப்படிப்பட்டதாகவும் இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றே: இதை வேறு யாராவது செய்கிறார்களா, அதை நான் இதே இடத்தில் வைக்க முடியுமா?

கறுப்புப் பொட்டு

இந்தக் கேள்விக்கு விசித்திரமான பதில் ஒன்று என் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. தொண்ணூறுகளில் பாரிமுனை பர்மா பஜாரில் அப்பா வாங்கிக் கொடுத்த டி.வி. கேம். ஃபேமிகாம் என்ற பெயரையே நாங்கள் அப்போது கேள்விப்பட்டதில்லை. அதே 60 பின் கேசட். உருவம் மட்டும் வேறு.

அதன் கதை தைவானில் தொடங்குகிறது. ரிக்கோவின் இரண்டு சில்லுகளையும் யூஎம்சி நிறுவனம் நகல் எடுத்தது: மூளைக்கு 6527, படத்துக்கு 6528, 50 ஹெர்ட்ஸ் டி.வி. உள்ள நாடுகளுக்கு 6538. பிறகு இரண்டையும், சுற்றியிருந்த கடைச் சரக்குகளையும் சேர்த்து ஒரே சில்லுக்குள் அடக்கினார்கள். ஒரே ஒரு நிறுவனத்துக்காக அளவெடுத்துத் தைத்த சில்லு, ஆசியா முழுவதும் பஜார் சரக்கானது. நின்டெண்டோ நேரடியாக எட்டாத ஊர்களில் எங்களைப் போன்ற பிள்ளைகள் விளையாடியது அதில்தான்.

பெட்டியைத் திறந்தேன். ஃபேமிகாம் பலகை அளவில் பாதிகூட இல்லை. நடுவில் பத்துப் பைசா அளவுக்குக் கறுப்புப் பிசின் பொட்டு. அதற்கு அடியில் சிலிக்கன் துண்டு, தலைமுடியை விட மெல்லிய கம்பிகளால் பலகையோடு நேரடியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. மேலே எண் இல்லை, பெயர் இல்லை, கால் இல்லை. பலகையில் படிக்க முடிந்த ஒரே விஷயம், சில்லுகளின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலின் மேல் பொறித்திருந்த 26.601 என்ற எண். அது செத்தால் அவ்வளவுதான். என் அதிர்ஷ்டம், பெட்டி உயிரோடு இருந்தது. ஜாய்ஸ்டிக்தான் செத்திருந்தது. அதைத் திறந்தால் அங்கேயும் ஒரு கறுப்புப் பொட்டு.

இங்கேதான் ஃபேமிகாமின் கடைச் சரக்கு கைகொடுத்தது. அசல் ஜாய்ஸ்டிக்கில் இருப்பது 4021, எட்டுப் பொத்தான்களை ஒரே நேரத்தில் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சில்லு. பிளஸ், மைனஸ், தாழ், துடிப்பு, தரவு என்று ஐந்தே கம்பிகள். நகல் பெட்டியும் அதே ஐந்து கம்பிகளில்தான் பேசுகிறது. பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கேசட்டில் இருக்கும் விளையாட்டு பொத்தானைப் படிக்க முடியாது.

பொட்டுக்குப் போகும் தடங்களைக் கத்தியால் வெட்டினேன். ஒரு சிறு புள்ளிப் பலகையில் சிடி4021 வைத்து, பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பிளஸ்ஸுக்கு இழுத்தேன். பொத்தானை அமுக்கினால் மைனஸோடு சேரும். முதலில் வெளியே போக வேண்டியது 'ஏ' பொத்தான், ஆகவே அது 1ஆம் காலுக்கு. 'பி' 15க்கு, செலக்ட் 14க்கு, ஸ்டார்ட் 13க்கு. மேல், கீழ், இடம், வலம் நான்கும் வரிசையாக 4, 5, 6, 7. தாழ் 9, துடிப்பு 10, தரவு 3. பயன்படாத 11ஆம் காலை மைனஸில் கட்டுங்கள், தொங்கவிடாதீர்கள். 16 பிளஸ், 8 மைனஸ். முதல் முயற்சியிலேயே ஓடியது. விடாமல் சுடும் டர்போ பொத்தான்கள் மட்டும் பொட்டோடு போய்விட்டன. பையனுக்கு அதில் வருத்தம்தான். பிறகு ஒரு நாள் தனியாகச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டோம். எனக்குத் தெரிந்த பாட்டு நகல் பெட்டியில் வந்தது. ஃபேமிகாமில் வந்தது அவசரமாக, யாரோ துரத்துவது போல இருந்தது. காரணம் கிரிஸ்டலில் எழுதியிருக்கிறது. அசல் பெட்டியின் 21.477 மெகாஹெர்ட்ஸை 12ஆல் வகுத்தால் மூளையின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். நகலில் 26.601ஐ 15ஆல் வகுத்தால் 1.77. ஏறக்குறைய ஒன்று, அதனால் சுருதி மாறுவதில்லை. ஆனால் பாட்டின் நடை திரையின் வேகத்தைப் பின்பற்றுகிறது. ஜப்பானில் நொடிக்கு 60 திரை, நம் முறையில் 50. ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் நான் அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

குரலும் வேறாக இருந்தது. ஃபேமிகாமில் நிறைவாக ஒலித்த இடத்தில் நகல் பெட்டி மூக்கால் பாடியது. அசலில் மெலிந்து வந்த இடத்தில் நகல் கனத்தது. யூஎம்சி வழிவந்த பல நகல்களில், பாட்டின் ஒலியை எழுப்பும் சதுர அலையின் 25 சதவீத அகலமும் 50 சதவீத அகலமும் இடம் மாறிப்போயிருக்கும். நகலெடுத்தபோது இரண்டு பிட்டுகள் தடம் மாறின. அந்தப் பிழையோடு லட்சக்கணக்கில் பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. கடைச் சரக்கான 6116ஐ நான்கு நிறுவனங்கள் செய்தாலும் நான்கும் ஒன்றுபோல வேலை செய்வதற்குக் காரணம், அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தரவுத்தாளில் எழுதி வெளியிட்டிருந்தார்கள். ரிக்கோவின் சில்லுக்கு அப்படிப் பொதுவில் ஒன்றும் இல்லை. பிழை நுழைந்தது, யாருக்கும் தெரியவில்லை.

பையன் ஃபேமிகாமைத்தான் எடுத்துக்கொண்டான்; வேகம் பிடித்திருக்கிறதாம். மூடுவதற்கு முன் படச் சில்லின் மேல் ஒரு சிறு அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டினேன், மூளையின் மேல் இன்னொன்று. மீதமிருந்த இரண்டு 6116களையும் ஒரு புதிய 7805ஐயும் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி, சிறு பையில் போட்டு, மூடியின் உள்ளே டேப் வைத்து ஒட்டினேன். பக்கத்தில் ஒரு சீட்டு: "பட நினைவகம் மாற்றப்பட்டது, சாக்கெட்டில் இருக்கிறது. 9ஆம் கால் தடம் கம்பியால் இணைக்கப்பட்டது, இழுக்க வேண்டாம். அடாப்டர் நடுமுனை மைனஸ்."